எட்டு மாதம் எரிந்த 48: வீட்டு ஹை-ஃபைக்கு ஸ்ட்ரீமிங், என் அனுபவம்

எட்டு மாதம் ஒரு பாட்டுச் சேவைக்கு ஹை-ரெஸ் (சிடியைவிட நுணுக்கமான தரம்) சந்தா கட்டியிருக்கிறேன். அதில் ஒரு பாட்டைக்கூட ஹை-ரெஸ்ஸில் கேட்கவில்லை என்பது ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

என் டாக் (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபையருக்கான ஒலிச் சைகையாக மாற்றும் பெட்டி) முகப்பில் வரிசையாகக் குட்டி விளக்குகள் இருக்கும்: 44.1, 48, 96, 192. வினாடிக்கு எத்தனை ஆயிரம் ஒலி மாதிரிகள் வருகின்றன என்பதைக் காட்டும் எண்கள், கிலோஹெர்ட்ஸ் என்பார்கள். பிட் என்பது ஒவ்வொரு மாதிரியின் நுணுக்கம். பகலில் கண்ணுக்கே படாது. இருட்டில் பார்த்தால் 48-க்கு நேரே மட்டும் ஒரு நீலப் புள்ளி. போன் திரையிலோ 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. சரி என்று சிடி தரத்தில் உள்ள இன்னொரு ஆல்பத்துக்கு மாற்றினேன். 44.1 விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை, அதே 48. எந்தப் பாட்டைப் போட்டாலும் 48.

காரணத்தைத் தேடிப் பிடிக்க இரண்டு நாள் ஆனது. போனிலிருந்து யூஎஸ்பி வழியாக டாக்குக்குப் போகும் வழியில் போனின் இயங்குதளம் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பாட்டு, குறுஞ்செய்தி மணி, அலாரம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து வெளியே அனுப்ப வேண்டியது அதன் வேலை. அதற்காக எல்லாவற்றையும் ஒரே வேகத்துக்கு மாற்றிவிடுகிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் அந்த வேகம் 48 கிலோஹெர்ட்ஸ். 192-ல் வந்தது சுருங்குகிறது. 44.1-ஐ முழு எண்ணால் பெருக்கி 48-ஐ எட்ட முடியாது என்பதால் அதில் வந்ததில் கிட்டத்தட்ட ஒவ்வொரு மாதிரியும் புதிதாகக் கணக்கிடப்படுகிறது. கணினியிலும் இதே கதைதான். விண்டோஸில் பிளேயர் அமைப்பில் ‘எக்ஸ்க்ளூசிவ் மோட்’ இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், இந்தக் கலவையைத் தாண்டிப் போய்விடும்.

இந்த வித்தியாசம் காதில் விழுந்ததா என்று கேட்டால், பெரும்பாலான பாட்டுகளில் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய வருஷம் ப்ளூடூத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன், அது நன்றாகவே காதில் விழுந்தது. நேரடிக் கச்சேரிப் பதிவில் கைதட்டல் வரும் பாருங்கள், அதில்தான் முதலில் பிடிபடும். நூறு பேர் தட்டுவது மழை இரைச்சல் மாதிரி ஒன்றாகக் குழைந்துவிடும். கம்பியில் கேட்டால் தனித்தனிக் கைகள். சிடி தரம் என்பது அழுத்தாத நிலையில் வினாடிக்கு 1411 கிலோபிட். சாதாரண ப்ளூடூத் பாட்டை அழுத்தும் முறையான எஸ்பிசி சுமார் 328-ஓடு நின்றுவிடும், அதைவிட மேலான எல்டாக் முறை உச்சத்திலேயே 990. சேவை லாஸ்லெஸ்ஸாக (ஒலியில் எதையும் இழக்காமல்) கொடுத்தாலும் கடைசி மூன்று மீட்டரில் மறுபடி நசுக்கப்படுகிறது.

கடைசியில் என் பிரச்சினையைத் தீர்த்தது சேவையை மாற்றியது அல்ல, ஒரு நெட்வொர்க் ஸ்ட்ரீமர், அதாவது தானே இணையத்தில் இணைந்து பாட்டை எடுத்து டாக்குக்குத் தரும் பெட்டி. ‘கனெக்ட்’ என்று சொல்கிறார்களே, அதன் அருமை பெயரைப் பார்த்தால் தெரியாது. ஸ்பாட்டிஃபை கனெக்ட், டைடல் கனெக்ட், கோபஸ் கனெக்ட் எதுவானாலும் போன் வெறும் ரிமோட்தான். பாட்டை ஸ்ட்ரீமரே நேராக இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. போனை அணைத்தாலும் பாட்டு ஓடும். அழைப்பு வந்தால் ஸ்பீக்கரில் மணி அலறாது. பெட்டியைப் பிரித்து மாட்டிய அன்று முதல் பாட்டுக்கே 44.1 விளக்கு எரிந்தது. அடுத்த ஆல்பத்தில் ‘டக்’ என்று ஒரு ரிலே சத்தம், விளக்கு 96-க்குத் தாவியது. அந்தச் சத்தத்தைக் கேட்கவே அன்றைக்கு ஆல்பம் ஆல்பமாக மாற்றிக்கொண்டிருந்தேன்.

வைஃபையில் மட்டும் கொஞ்சம் அவதிப்பட்டேன். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் பாட்டு அழுத்தாமல் பார்த்தால் வினாடிக்கு 9216 கிலோபிட், எதையும் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் முறையில் அது இன்னும் குறையும். என் இணைப்பு வேகம் அதைவிடப் பல மடங்கு. அப்படியும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பாட்டு அறுந்தது. ஸ்ட்ரீமரை ஆம்ப்ளிஃபையரின் இரும்புக் கூட்டுக்குப் பின்னால், அலமாரிக்குள் ஒளித்து வைத்திருந்ததுதான் தப்பு, வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெரிசல் வேறு. சாதாரண லேன் கேபிள் ஒன்றை இழுத்துவிட்டேன், அதோடு சரி. தெளிவாகச் சொல்கிறேன்: லேன் போட்டதால் ஒலி உயரவில்லை, அறுபடுவது நின்றது. அதற்கென்று விலை உயர்ந்த லேன் கேபிள் யாரும் வாங்க வேண்டாம்.

மறுமொழி

அண்ணா, விளக்கு விஷயத்தைப் படித்தவுடன் எழுந்து போய் என் டாக்கைப் பார்த்தேன். எனக்கும் 48தான்!

என் பங்குக்கு ஒன்று. மடிக்கணினியிலிருந்து யூஎஸ்பியில் டாக்குக்குப் போட்டிருந்தேன். சார்ஜர் செருகியதும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல். சார்ஜரைப் பிடுங்கினால் அமைதி. டாக்கை மாற்ற வேண்டும் என்றே முடிவு கட்டியிருந்தேன். நல்லவேளை, ஒரு நண்பர் ஆப்டிக்கல் கேபிளில் போட்டுப் பார்க்கச் சொன்னார். அதில் போவது வெளிச்சம் மட்டும்தானே, இரண்டு கருவிக்கும் நடுவே மின் தொடர்பே கிடையாது. இரைச்சல் சுத்தமாகப் போய்விட்டது.

புதிதாக வாங்குபவர்களுக்கு: ஆப்டிக்கல் கேபிளின் இரண்டு முனையிலும் கண்ணாடி மாதிரி ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், கழற்றிவிட்டுச் செருகுங்கள். உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் சரி. ரொம்ப மடக்காதீர்கள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை நம்பிப் போடலாம். 192 கருவியைப் பொறுத்தது, அதற்குக் கோஆக்சியல் (மின்கம்பி) கேபிள் பத்திரம்.

மறுமொழி

நான் சேவையைத் தேர்ந்தெடுத்த கதையைச் சொல்கிறேன். இரண்டு சேவையை ஒரு மாதம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். ஒன்றில் குரல் முன்னால் வந்து நிற்கிறது, தாளம் அடிக்கிற அடி நெஞ்சில் விழுகிறது. இதுதான் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

பிறகு பார்த்தால் மற்றதில் ‘வால்யூம் நார்மலைசேஷன்’ இயங்கிக்கொண்டிருந்தது. பாட்டுகளின் சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவருகிற வசதி அது, பெரும்பாலும் சத்தத்தைக் குறைத்துத்தான் தரும். கொஞ்சம் சத்தம் கூடினாலே காது அதை நல்ல ஒலி என்று எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் அணைத்துவிட்டு, சத்தத்தைச் சமமாக வைத்து, என் மகளை மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரே ஒரு ஆல்பத்தில் மட்டும் சொன்னேன். விசாரித்தால் ஒரு சேவையில் இருந்தது பழைய பதிப்பு, இன்னொன்றில் சத்தம் ஏற்றி மறுபடி தயாரித்த ரீமாஸ்டர். அந்த வேறுபாடு 16 பிட்டுக்கும் 24 பிட்டுக்கும் உள்ளதைவிட எத்தனையோ பெரிது.

அதனால் எனக்கு முடிவைச் சொன்னது வேறு விஷயங்கள். நான் திரும்பத் திரும்பக் கேட்கிற நாற்பது ஆல்பத்தை ஒரு தாளில் எழுதி இரண்டிலும் தேடினேன். ஒன்றில் பதினொன்று இல்லை. அப்புறம் ‘கேப்லெஸ்’: தொடர்ந்து ஓடவேண்டிய கச்சேரிப் பதிவில் பாட்டுக்குப் பாட்டு அரை நொடி மௌனம் விழுந்தால் மனசு உடைந்துவிடும். இதைச் சோதிக்காமல் யாரும் வருடச் சந்தா கட்டாதீர்கள். செயலியில் சரியாக வந்தாலும் ஸ்ட்ரீமர் வழியே வருகிறதா என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி

சார், நான் புதுசு. என் ஆம்ப்ளிஃபையர் பழையது, பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு துளைதான். எதை முதலில் வாங்குவது, எந்தச் சேவை?

தொடங்கியவர்

தம்பி, அந்த இரண்டு துளை போதும். டாக் உள்ளேயே இருக்கிற ஸ்ட்ரீமர் ஒன்று வாங்கினால் நேராகச் செருகிவிடலாம், தனி டாக் இப்போது வேண்டாம். வாங்குமுன் அந்தக் கருவி எந்தச் சேவையின் கனெக்ட்டை ஏற்கும் என்று பாருங்கள். சேவையை முதலில் முடிவு செய்துவிட்டுக் கருவி தேடினால் மாட்டிக்கொள்வீர்கள்.

லாஸ்லெஸ் இப்போது அபூர்வம் இல்லை. ஆப்பிள் மியூசிக் 2021-லேயே கொடுத்துவிட்டது, 24 பிட், 192 வரை. ஆனால் ஆப்பிளின் ஏர்ப்ளே (வைஃபை வழியே ஒலியை அனுப்பும் முறை) வழியாக அனுப்பினால் பொதுவாக 16 பிட், 44.1-க்குத்தான் வரும். டைடல் 2024-ல் எம்கியூஏ என்ற சுருக்கும் முறையை விட்டுவிட்டு ஃப்ளாக்குக்கு வந்துவிட்டது. கோபஸும் 192 வரை போகும். ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பரில் 24 பிட், 44.1-ல் தொடங்கியது, அதற்கு முன் உச்சமே 320 கிலோபிட். கூகுள் காஸ்ட் வழி என்றால் 96 வரை. காதுக்குச் சிடி தரமே தாராளம், 44.1-ல் மனிதக் காது கேட்கும் உச்சமான 20 கிலோஹெர்ட்ஸ் ஒலி வரை முழுசாக அடங்கிவிடும். அதனால் 192 என்ற எண்ணைப் பார்த்துக் கூடுதலாகச் செலவழிக்காதீர்கள். மிச்சமாகும் பணத்தை ஸ்பீக்கருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்னவர் மாதிரி நீங்களும் முதலில் தாளில் பட்டியல் எழுதுங்கள். எழுதியதை இங்கே போட்டால் என்னிடம் உள்ள இரண்டு சேவையிலும் நானே தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.