நகைச்சுவை நடிகர் விவேக் மறைந்த அந்தச் சனிக்கிழமை நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

விருகம்பாக்கத்துக்காரன்

2021 ஏப்ரல் 17. விடிந்தும் விடியாமலும் பால் வாங்கப் போனேன். பூத்துக்காரர் பாக்கெட்டைக் கையில் எடுத்தவர் கொடுக்காமல் அப்படியே நின்றார். "நம்ம விவேக் போயிட்டாராம் சார்" என்றார். முந்தின நாள் காலையில் நினைவில்லாத நிலையில் வடபழனியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், இதயம், நுரையீரல் வேலையைச் செய்கிற எக்மோ கருவி வைத்ததும் டிவியில் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஆனாலும் 59 வயசுதானே. பிழைத்து வந்து அந்த ஆஸ்பத்திரிக் கதையையே சொல்லி நம்மைச் சிரிக்க வைப்பார் என்றுதான் எங்கள் தெருவில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம்.

அவர் வீடு எங்கள் பக்கம்தான். நடந்தே போனேன். கொரோனா இரண்டாவது அலை ஏறிக்கொண்டிருந்த நேரம். வீட்டில் "போகாதீங்க" என்றார்கள். மாஸ்க் மேல் மாஸ்க் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். வரிசையில் எனக்கு முன்னால் காக்கிச் சட்டையோடு ஒரு ஆட்டோக்காரர். கையில் மாலை இல்லை. கறுப்புப் பையில் ஒரு வேப்பங்கன்று. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவராகவே சொன்னார்: "மாலைன்னா சாயங்காலம் குப்பைக்குப் போயிடும் சார். இது அவருக்குப் பிடிச்சது."

அதற்கப்புறம்தான் கவனித்தேன். அங்கங்கே பல பேர் கையில் கன்று இருந்தது. யாரும் சொல்லிவைத்து வந்ததாகத் தெரியவில்லை. அப்துல் கலாம் கேட்டுக்கொண்டார் என்பதற்காக 2010-இல் ஆரம்பித்து, ஒரு கோடி மரம் என்று இலக்கு வைத்து, 33 லட்சத்துக்கும் மேல் நட்டுவிட்டுப் போன மனுஷனுக்கு வேறு எதைக் கொண்டுபோவது என்று அவரவருக்கே தோன்றியிருக்கிறது.

சாயங்காலம் மேட்டுக்குப்பம் மின்மயானத்துக்கு ஊர்வலம் போனது. போலீஸ் மரியாதையோடு துப்பாக்கிக் குண்டுகள் முழங்கின. டிவியில் பார்த்துக்கொண்டிருந்த என் மாமியாருக்கு 78 வயசு. விவேக்கின் மகள் இறுதிக் காரியம் செய்வதைப் பார்த்துவிட்டு, "பொண்ணே செய்யட்டும், அதுதான் சரி" என்றார். தன் வீட்டில் அப்படி ஒரு பேச்சு வந்தபோது வேண்டாம் என்று சண்டை போட்டவர் அவர்.

அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்? என்ன செய்தீர்கள்? எழுதுங்கள்.

கோவில்பட்டி டீச்சர்

எங்க ஊர்ப் பக்கத்து மனுஷர் அவர். எங்க தெருவுல கறுப்புக்கொடி கட்டின அன்னைக்குக் கடையில டீ குடிக்க நின்னவங்க கூடச் சத்தமாப் பேசல.

ஸ்கூல் மூடியிருந்த காலம். எங்க ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல ஆறாம் வகுப்புப் பையன் ஒருத்தன், "டீச்சர், கன்னு நடலாமா?"ன்னு கேட்டான். திங்கக்கிழமை காலையில 11 பிள்ளைகள் வந்துட்டாங்க. பஞ்சாயத்துல சொல்லி 20 கன்னு வாங்கினோம். வேம்பு, புங்கை, ரெண்டு நாவல், ஒரு பூவரசு.

ஒன்னு சொல்லணும். அந்த வாரம் தமிழ்நாடு முழுக்க நட்டாங்க, சந்தோஷம். ஆனா சித்திரை மாசம் கன்னு நடுற மாசமா? கரிசல் மண்ணு வெடிச்சுக் கிடக்கு. அடுத்த ரெண்டு வாரத்துல அக்னி நட்சத்திரம். குழி ரெண்டடிக்கு ரெண்டடி எடுத்து, தொழு உரமும் செம்மண்ணும் போட்டு, ஆடு மாடு கடிக்காம முள்ளு வேலி கட்டி, மூணு வருஷம் தண்ணி ஊத்துனாத்தான் அது மரம். பல இடத்துல நட்டு, போட்டோ எடுத்து, போயிட்டாங்க. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நட்டதுல ஒரு மாசம் கழிச்சுக் குச்சிதான் நின்னுச்சு. எனக்கு அதைப் பாக்கும்போதெல்லாம் மனசு வலிக்கும். அந்த மனுஷர் 11 வருஷம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா ஏறி இறங்கினது அந்தக் குச்சிக்காக இல்ல.

எங்க 20-ல பொழைச்சது 7. அதுவும் மே மாசம் ஊரடங்குல, பக்கத்துல வீடு இருக்கிற ரெண்டு பிள்ளைக குடம் குடமா ஊத்துனதால. ஒரு வேம்பை ஆடு கடிச்சிருச்சு, மறுபடி துளிர்த்துச்சு.

கிராம செவிலியர், விழுப்புரம் பக்கம்

எல்லாரும் மரத்தைப் பத்தி எழுதுறீங்க. நான் ஊசியைப் பத்தி எழுதுறேன். மூணு தடவை எழுதி அழிச்சுட்டேன், இந்தத் தடவை முழுசாப் போட்டுடுறேன்.

விவேக் சார் 15-ஆம் தேதி வியாழக்கிழமை ஓமந்தூரார் அரசு ஆஸ்பத்திரியில தடுப்பூசி போட்டுக்கிட்டாரு. அவருக்குத் தனியார்ல போட்டுக்க வசதி இல்லையா? சாதாரண ஜனங்க போற இடத்துல போட்டாத்தான் அவங்களுக்குப் பயம் போகும்னு வந்தாரு. அன்னைக்கு ராத்திரி அந்த வீடியோவை எங்க ஊர் குரூப் எல்லாத்துலயும் நான்தான் அனுப்பினேன். 45 வயசு தாண்டினவங்களுக்கு ஏப்ரல் 1-லேர்ந்து போட ஆரம்பிச்சிருந்தோம். வீடு வீடாப் போய்ப் பேர் எழுதி, அடுத்த திங்கக்கிழமை முகாமுக்கு 60 பேரைச் சேர்த்து வெச்சிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மயங்கி விழுந்தாரு. சனிக்கிழமை இல்ல. நான் அனுப்பின அதே வீடியோ எனக்கே திரும்பி வந்துச்சு. "ஊசி போட்டதால செத்துட்டாரு"ன்னு மேல எழுதி.

திங்கக்கிழமை வந்தது 9 பேர். ஒரு குப்பியில 10 பேருக்கு மருந்து. திறந்துட்டா 4 மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும், மிச்சத்தைக் கொட்டணும். அதனால இன்னும் ஒருத்தர் வரட்டும்னு உட்கார வெச்சேன். காத்திருந்ததுல ரெண்டு பேர் எழுந்து போயிட்டாங்க. ஏழு பேரோட குப்பியைத் திறந்தேன். மூணு பேரோட மருந்து வீணாப் போச்சு.

அவருக்கு இதயத்தோட இடதுபக்க முக்கியமான ரத்தக்குழாய்ல 100 சதவீத அடைப்புன்னு டாக்டருங்க அன்னைக்கே சொன்னாங்க. வருஷக்கணக்கா குழாய்ச் சுவர்ல கொழுப்பு படியும், ஒருநாள் அது வெடிக்கும், அதுமேல ரத்தம் உறையும். ஒருநாள்ல வர்ற வியாதி இல்ல. இதை நான் ஒவ்வொரு வாசல்லயும் நின்னு சொன்னேன். "உனக்குத் தெரியாதும்மா, அவங்க மறைக்கிறாங்க"ன்னு நான் பிரசவம் பார்த்த குடும்பமே கதவைச் சாத்திச்சு. தடுப்பூசிக்கும் சாவுக்கும் சம்பந்தம் இல்லைன்னு மத்தியக் குழு விசாரிச்சு அறிக்கை கொடுத்தது அக்டோபர்ல. அதுக்குள்ள மே மாசம் வந்து போயிடுச்சு.

என் நோட்டுல இருந்த அந்த 60 பேர்ல 4 பேர் இப்ப இல்ல. ஊசி போட்டிருந்தா கண்டிப்பாப் பொழைச்சிருப்பாங்கன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். முதல் ஊசி போட்டு உடம்புல எதிர்ப்பு வரவே ரெண்டு மூணு வாரம் ஆகும். ஆனா அந்த 4 பேர் பேரையும் அடிக்காம அந்த நோட்டை இன்னும் வெச்சிருக்கேன்.

லாரிச் சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கிற மாதிரி மூடநம்பிக்கையைப் பார்த்துப் படங்கள்ல வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டவர் அவர். வதந்தியை நம்பாதீங்கன்னு சொல்ல அவரை விட்டா ஆள் இல்ல. அந்த வாரம் அவரே இல்லாமப் போயிட்டாரு.

ஒரு பாட்டியை மட்டும் சொல்லிட்டு முடிச்சுக்கிறேன். அந்த 7 பேர்ல ஒருத்தங்க. "அந்தப் புள்ள நமக்காகத்தான வந்து போட்டுக்கிச்சு? நாம போடலன்னா அது வந்தது வீணாப் பூடும்"னு சொல்லிச் சேலையை ஒதுக்கிக் கையை நீட்டினாங்க.

சேலத்து மகன்

செவிலியர் அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்பாவுக்கு ஏப்ரல் 20-ஆம் தேதி ஊசிக்குப் பேர் கொடுத்திருந்தோம். அப்பா விவேக் ரசிகர். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் டிவி முன்னால் உட்கார்ந்து அழுதார். திங்கட்கிழமை "நான் போடமாட்டேன்" என்றார். நானும் வற்புறுத்தவில்லை. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். மே 19-ஆம் தேதி போய்விட்டார்.

இதற்குமேல் எழுத முடியவில்லை, அக்கா.

கிராம செவிலியர், விழுப்புரம் பக்கம்

தம்பி, உங்க மேல தப்பு இல்ல. அந்த வாரம் படிச்சவங்க, நர்சு வீட்டு ஆளுங்களே பயந்தாங்க. என் வீட்டுக்காரரும் ஜூன் மாசம்தான் போட்டுக்கிட்டாரு.

தோஹாவிலிருந்து

நமக்கு இங்க வெள்ளி, சனி லீவு. ரூமில் ஆறு பேர். வெள்ளிக்கிழமை பிரியாணி செய்து வைத்துவிட்டு யாரும் சாப்பிடவில்லை. ராத்திரி 2 மணிக்குமேல் செய்தி வந்தது, ஊரில் அப்போது விடியக்காலை நாலரை. மேல் கட்டிலில் படுத்திருந்த மலப்புரத்துக்காரர் இறங்கி வந்து லைட்டைப் போட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் எல்லோருக்கும் கட்டஞ்சாயா (பால் ஊற்றாத டீ) போட்டுக் கொடுத்தார்.

வேலைக்கு வந்த முதல் வருஷம், வீட்டு நினைப்பில் தூக்கம் வராத ராத்திரிகளில் விவேக் காமெடியைப் போட்டுக் காதில் வைத்துக்கொண்டுதான் தூங்குவேன். படம் பார்க்க வேண்டாம், குரல் கேட்டால் போதும். அந்த ஆளுக்கு நான் பட்ட கடன் அது.

இந்தப் பாலைவனத்தில் எங்கே போய் மரம் நட? அறந்தாங்கியில் இருக்கும் வீட்டுக்காரிக்குப் போன் செய்து, கொல்லையில் ஒரு நாவல் கன்று வைக்கச் சொன்னேன். "இருக்கிற தென்னைக்கே தண்ணி இல்ல"ன்னு சத்தம் போட்டுவிட்டு மறுநாள் வைத்துவிட்டாள். பாத்திரம் கழுவுகிற தண்ணி போகிற இடமாகப் பார்த்து வைத்திருக்கிறாள். நான் லீவில் போனபோது என் தோளுக்கு வந்திருந்தது.

ஒரு அம்மா

அன்னைக்கு எல்லாரும் மரத்தையும் காமெடியையும் பேசினாங்க. எனக்கு அவர் பையன் ஞாபகம்தான் வந்தது. 2015-இல் காய்ச்சல் வந்து 13 வயசில் போன பிள்ளை. அதே வருஷம் ஜூலையில்தான் கலாம் ஐயாவும் போனார்.

என் மகளும் காய்ச்சலில் போனவள். அவள் போய் ரெண்டு வருஷம் நான் யார் வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை. யாராவது சிரித்தால் எழுந்து உள்ளே போய்விடுவேன். அப்படி ஒரு நாள் டிவியில் அவர் ஏதோ பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நடுவே கன்று கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் மகன் வயசுப் பிள்ளைகள். இந்த மனுஷனால் எப்படி முடிகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த வாரம் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. போனேன்.

அவர் போன அன்றைக்கு என் மகள் போட்டோவுக்குப் பக்கத்தில் அவருக்கும் ஒரு விளக்கு ஏற்றினேன்.

விருகம்பாக்கத்துக்காரன்

எல்லோருக்கும் நன்றி. அம்மா, உங்கள் பதிவை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

நான் சொன்ன ஆட்டோக்காரரைப் பிறகு அடிக்கடி பார்க்கிறேன். அந்தக் கன்றை அவர்கள் ஸ்டாண்டு ஓரத்திலேயே நட்டுவிட்டார்கள். காலையில் முதல் சவாரிக்குக் கிளம்புகிறவர் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும், அது அங்கே சட்டம். 2022 மே மாதம் விவேக் வீடு இருக்கிற தெருவுக்குச் சின்னக் கலைவாணர் விவேக் சாலை என்று பெயர் மாற்றினார்கள். பலகை வைத்த அன்றைக்குப் பார்த்தபோது வேம்பு என் இடுப்பு வரை வந்திருந்தது. இப்போது நாலு ஆட்டோ அதன் நிழலில் நிற்கிறது.

டீச்சர், உங்கள் ஏழு மரத்தையும் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்களேன்.

கோவில்பட்டி டீச்சர்

திங்கக்கிழமை எடுத்துப் போடுறேன். ஆடு கடிச்ச வேம்புல அந்தத் தழும்பு இன்னும் இருக்கு, அதையும் கிட்டக்க எடுக்கச் சொல்றேன். தண்ணி ஊத்துன பையன் இப்ப பிளஸ் டூ முடிக்கப் போறான், அவனையே பக்கத்துல நிக்கச் சொல்றேன்.