உரிமத்துக்கான கையெழுத்து கிடைக்காத நாள்
(அமெரிக்காவில் பொறியாளர் உரிமம் வாங்குவது பற்றி, புனைபெயரில் நால்வர் பேசிக்கொண்டது)

தாங்குசுவர்:
எஃப்.இ. எனும் முதற்கட்டத் தேர்வு எப்போதோ முடிந்துவிட்டது. நான்கு ஆண்டு அனுபவக் குறிப்பில் மேலாளர் கையெழுத்திட்டால் விண்ணப்பம் உரிமம் தரும் மாநில வாரியத்துக்குப் போய்விடும். “குழு வடிவமைத்தது”, “உதவினேன்” என்று எழுதியிருந்த இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டார். பிறகு ஒரு தாங்குசுவரின் வரைபடத்தை விரித்து, அடியில் இருந்த வடிகுழாயின் மேல் விரலை வைத்தார். “இது ஏன் இங்கே இருக்கிறது?”

“பழைய வரைபடத்திலும் இருந்தது” என்றேன்.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். பின்னால் நீர் தேங்கினால் மண்ணின் அழுத்தத்தோடு நீரின் அழுத்தமும் சுவரைத் தள்ளும். எனக்குத் தெரியாததா? அந்த நிமிடம் வாயில் வரவில்லை. எட்டு மாதம் கழித்துத்தான் கையெழுத்து கிடைத்தது. அவர் செய்தது நியாயமா என்று இன்னமும் மனம் அடித்துக்கொள்கிறது.

புத்தகப்பெட்டி:
எட்டு மாதம் அநியாயம். பதற்றத்தில் யாருக்கும் நாக்கு எழாது. நான் உரிமத்துக்கான இறுதித் தேர்வைத் தாளில் எழுதிய காலத்துக்காரன். 80 கேள்வி, 8 மணி நேரம், பார்த்து எழுதச் சக்கரப்பெட்டி நிறையப் புத்தகம். மதியம் ஓர் அட்டவணையைத் தேடியே கால் மணி நேரம் போனது. நிமிர்ந்து பார்த்தால், பக்கத்து மேசைக்காரர் ஒரே ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு அமைதியாக எழுதிக்கொண்டிருந்தார். அந்த முகம் மறக்கவில்லை. 2022 முதல் சிவில் தேர்வு கணினியில்தான். கையேடும் திரையிலேயே வந்துவிடுகிறது.

இந்தியப் பட்டம்:
என்னை நிறுத்தியது தேர்வு அல்ல, மதிப்பெண் பட்டியல். வெளிநாட்டுப் பட்டங்களை எடைபோடும் என்.சி.இ.இ.எஸ். மதிப்பீட்டில் கணிதமும் அடிப்படை அறிவியலும் சேர்ந்து 32 கிரெடிட் கேட்டார்கள். கணிதத்தோடு சேரும் என்று நம்பியிருந்த நிரலாக்கப் பாடத்தை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. கடிதத்தில் “குறைபாடு” என்ற சொல்லைப் பார்த்ததும் கை சில்லிட்டது. முப்பத்திரண்டு வயதில் மறுபடி புள்ளியியல் வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

மூத்த பொறியாளர்:
புத்தகப்பெட்டி சொல்வதை ஏற்க மாட்டேன். அந்த மேலாளர் செய்தது சரி. 1981-இல் கான்சாஸ் நகர ஹோட்டலில் தொங்குநடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். கூரையிலிருந்து இரண்டு நடைபாதைகளையும் தாங்க வேண்டிய ஒரே கம்பியை இரண்டாகப் பிரித்தார்கள். கீழ் நடைபாதையின் பாரமும் மேல் நடைபாதையின் உத்தரத்தில் இருந்த மரையில் ஏறியது. அந்த மாற்றத்தை யாரும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. பொறுப்பான பொறியாளர்களின் உரிமம் பறிபோனது. “ஏற்கெனவே இப்படித்தான் இருந்தது” என்ற பதிலுக்கு நானும் கையெழுத்திட மாட்டேன். ஒருமுறை இட்டேன், அந்த இளைஞர் அனுப்பிய முதல் கணக்கிலேயே பிழை இருந்தது.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு: மாதம் ஒருமுறை, நீங்களே எடுத்த முடிவையும் அதன் காரணத்தையும் நான்கு வரி எழுதி வையுங்கள். வேலை மாறும் முன்பே சான்றுரையை வாங்கிவிடுங்கள். மேலாளர் ஓய்வு பெற்றுப் போனபின் தேடி அலைய வேண்டாம். உங்கள் கால்குலேட்டர் தேர்வுக்கான அனுமதிப்பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தாங்குசுவர்:
இரண்டாம் முறை மேலாளர் அதே வரைபடத்தைத்தான் விரித்தார். இந்தமுறை குழாயைச் சுற்றியிருந்த சரளையையும் அதைப் போர்த்திய வடிதுணியையும் பற்றிக் கேட்டார்.