கப்பலின் நிலைத்தன்மையைக் கணக்கிடும் கணினியில் எல்லாம் பச்சை. எதிரலைக்குக் கேப்டன் ஏன் அஞ்சுகிறார்?

(மூன்றாம் அதிகாரி ஒருவரின் கேள்விக்கு ‘அணியம்’, ‘வரைமேசை’ என்ற புனைபெயர்களில் இருவர் பதில் சொல்கிறார்கள்.)

மூன்றாம் அதிகாரி:
கண்டெய்னர் கப்பல். அகலம் 40 மீட்டர், ஜி.எம். (சாய்ந்த கப்பல் நிமிரும் வலிமையைக் காட்டும் அளவு) 2 மீட்டர். ஒவ்வொரு சாய்வுக்கும் கப்பலை நிமிர்த்தும் நெம்பு எவ்வளவு என்று காட்டும் நிமிர்வு வளைகோட்டின் பரப்பு, 30 பாகை வரை குறைந்தது 0.055 மீட்டர்-ரேடியன் இருக்க வேண்டும் என்கிறது பன்னாட்டுக் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ.வின் 2008 விதித்தொகுப்பு. எங்களுக்கு அதைவிடத் தாராளமாகவே இருந்தது. பக்கக் காற்றையும் உருளலையும் கப்பல் தாங்குமா என்று பார்க்கும் காற்று விதியிலும் தேறிவிட்டோம். ஆனாலும் நேர் எதிரே பேரலை வந்ததும் கேப்டன் வேகத்தையும் திசையையும் மாற்றச் சொன்னார். அலை பக்கவாட்டில் அடித்தால் அல்லவா கப்பல் உருளும்?

அணியம்:
கேப்டன் செய்ததே சரி. அந்தப் பச்சை, அசையாத தண்ணீரில் போட்ட கணக்குக்குக் கிடைத்தது. அதன் வேர் 1939இல் பின்லாந்தின் ரஹோலா எழுதிய ஆய்வேட்டில் இருக்கிறது. அன்று கண்டெய்னர் கப்பலே கிடையாது.

இன்றைய கண்டெய்னர் கப்பலின் முன்பகுதி மேலே போகப்போக விரியும். பின்புறம் அகன்று தட்டையாக இருக்கும். அலைமுகடு நடுக்கப்பலுக்கு வரும்போது இரு முனைகளிலும் நீர் வடிந்து, நீர்மட்டப் பரப்பு சுருங்கி, ஜி.எம். சரியும். பள்ளம் நடுவே வந்தால் முனைகள் அமிழ்ந்து ஜி.எம். ஏறும். ஒரு முழு உருளலுக்குள், அதாவது ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் போய்த் திரும்புவதற்குள், இது இரண்டு முறை நடந்தால், ஊஞ்சலில் நின்றுகொண்டு உந்துவது போல, சில சுற்றுகளிலேயே கோணம் எகிறிவிடும். ஒரு முழு உருளலுக்கு ஆகும் உங்கள் உருளல் காலம், 0.8 × அகலம் ÷ √ஜி.எம். என்ற தோராயக் கணக்கில் 0.8 × 40 ÷ √2, ஏறக்குறைய 23 வினாடி. கப்பல் நீளமுள்ள அலைகளை 11, 12 வினாடிக்கு ஒன்றாகச் சந்தித்தால் வம்புதான். 1998 அக்டோபரில் வட பசிபிக்கில் ஏபிஎல் சைனா இப்படித்தான் நூற்றுக்கணக்கான கண்டெய்னர்களைக் கடலில் விட்டது.

மூன்றாம் அதிகாரி:
அப்படியானால் ஜி.எம்.ஐ இன்னும் கூட்டிவிட்டால்?

அணியம்:
எல்லோருக்கும் வரும் ஆசை இது. ஜி.எம். மிகுந்தால் கப்பல் விறைத்துப்போய் வெடுக்கென்று நிமிரும். கப்பலைச் செலுத்தும் உயரமான அறையான பிரிட்ஜில் நிற்பவரைத் தூக்கி எறியும். 2008இல் ஹாங்காங் அருகே புயலில் சிக்கிய சிகாகோ எக்ஸ்பிரஸில் சரக்கு குறைவு, ஜி.எம். மிக அதிகம். 40 பாகைக்கு மேல் உருண்டு ஓர் உயிர் போயிற்று.

வரைமேசை:
2020இல் ஐ.எம்.ஓ. வெளியிட்ட இடைக்கால வழிகாட்டுதல்கள் இந்த இரண்டு ஆபத்துகளையும் சேர்த்து ஐந்து வகை ஆபத்துகளைச் சோதிக்கின்றன. முதல் படி எளிய சூத்திரம். அதில் தேறாவிட்டால் அடுத்தடுத்து நுணுக்கமான கணக்கு. எதிலும் தேறாத ஏற்றுநிலைக்கும் (சரக்கு ஏற்றப்பட்ட நிலைக்கும்) வேகம், திசை வரம்புகளோடு பயணிக்க வழி உண்டு. அங்கேதான் எனக்கு நெருடல்: வடிவமைப்பின் குறை நள்ளிரவுக் காவலில் நிற்பவர் தலையில் விழுகிறது.

அணியம்:
உண்மை. தம்பி, அடுத்த காவலில் உருளல் காலத்தை ஸ்டாப்வாட்சில் எடுத்துப் பாருங்கள்; அதிலிருந்து உண்மையான ஜி.எம்.ஐத் தோராயமாகக் கணிக்கலாம். கண்டெய்னர் எடையைத் தவறாக எழுதிக் கொடுத்திருந்தால் கணினியின் ஜி.எம்.மும் தவறுதான்.