புதுப்பிப்பு: எஸ்க்யூலைட்டில் அழியாமல் நின்ற பதிவுகள் அழிந்துவிட்டன

போன வாரம் நான் கேட்டது இது: பில் விவரங்கள் உள்ள எஸ்க்யூலைட் (SQLite, ஒரே கோப்பில் இருக்கும் டேட்டாபேஸ்) கோப்பில் கெட்டுப்போன பதிவுகளை என் பைத்தான் ஸ்கிரிப்ட் அழிக்கவில்லை. சில பில்களுக்கு 0 வரிகள் அழிந்தன என்று சொல்லிச் சும்மா நகர்ந்தது. சிலவற்றில், கோப்பு சிதைந்திருக்கிறது என்று பிழை காட்டி நின்றது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஸ்கிரிப்டில் தவறே இல்லை. "முதலில் இன்டெக்ஸைப் பாருங்கள்" என்றவர் சொன்னதுதான் சரி. (இன்டெக்ஸ் என்பது பதிவுகளை வேகமாகத் தேட டேட்டாபேஸ் வைத்திருக்கும் தனிப் பட்டியல்.) கோப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் பிராக்மா இன்டெக்ரிட்டி செக் கட்டளையை ஓட்டியதும், பில் எண் இன்டெக்ஸில் பல வரிகள் விடுபட்டிருப்பது தெரிந்தது. பதிவு டேபிளில் இருக்கிறது, இன்டெக்ஸில் இல்லை. அழிக்கும் கட்டளையோ இன்டெக்ஸ் வழியாகத் தேடுகிறது. அப்புறம் எப்படிக் கிடைக்கும்?

ரீஇன்டெக்ஸ் செய்தால், அதாவது இன்டெக்ஸை மறுபடி கட்டினால், போதும் என்று நினைத்தேன். அது யுனீக் (ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது என்ற விதி) பிழையில் நின்றது. இதை எதிர்பார்க்கவில்லை: இன்டெக்ஸ் கெட்டிருந்த நாட்களில் ஒரே பில் எண் இரண்டு முறை ஏறியிருக்கிறது. கோப்பை நகலெடுத்து வைத்துவிட்டு, இன்டெக்ஸை டிராப் செய்து, இரட்டைப் பதிவுகளையும் கெட்டவற்றையும் ரோஐடி (ஒவ்வொரு வரிக்கும் உள்ள உள் எண்) வைத்து அழித்து, யுனீக் இன்டெக்ஸை மறுபடி உருவாக்கினேன். இப்போது சோதனை 'ஓகே' என்கிறது. யுனீக் என்பதை டேபிள் வரையறையிலேயே எழுதியிருந்தால் அந்த இன்டெக்ஸை டிராப் செய்ய முடியாது. புது டேபிளுக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

கெடுத்தது நான்தான். புரோகிராம் ஓடும்போதே டேட்டாபேஸ் கோப்பை மட்டும் காப்பி எடுத்து, பிறகு அதையே திருப்பி வைத்தேன். தலையை எடுத்து, கூடவே இருந்த 'வால்' (WAL, முதன்மைக் கோப்பில் இன்னும் சேராத மாற்றங்கள் இருக்கும்) கோப்பை விட்டுவிட்டேன். இனி பேக்கப் கட்டளைதான்.