ஆறு புத்தகங்கள் பாதியில் நிற்கின்றன: எதைத் தொடர்வது, எதை விடுவது?

அந்திவாசிப்பு:
வாசிப்பு சின்ன வயதிலிருந்தே விடாமல் கூட வருகிறது. ஆனால் இப்போது மேசையில் ஆறு புத்தகங்கள் பாதியில் கிடக்கின்றன. 900 பக்க ரஷ்ய நாவல், தமிழ் மொழிபெயர்ப்பு, 140ஆம் பக்கத்தில் நிற்கிறது. அடிக்குறிப்புகள் நிறைந்த வரலாற்று நூல் ஒன்று, உரையோடு குறுந்தொகை, வாரத் தொடராக வந்த சரித்திர நாவல் ஒன்று, ஒரு சிறுகதைத் தொகுப்பு, ஒரு புதுக்கவிதைத் தொகுப்பு. இரவு பத்துக்கு மேல் 40 நிமிடம் கிடைக்கும், ஏறக்குறைய 25 பக்கம் ஓடும். வயது 52. ஐம்பது பக்கம் பார்த்துவிட்டுப் பிடிக்காததை ஒதுக்கிவிடலாம் என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?

ஏடுபுரட்டி:
முதலில் கணக்கு. நாவலில் மீதி 760 பக்கம். இரவுக்கு 25 என்றால் ஒரு மாதம். ஆறையும் மாற்றி மாற்றிப் படித்தால் அதுவே ஆறு மாதம். ஆறு நாளுக்கு ஒருமுறை திறக்கிற புத்தகத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்பது யாருக்குமே நினைவில் நிற்காது. ஆகவே பெரிய நாவல் கையில் இருக்கும்போது வேறு நாவல் வேண்டாம். சிறுகதையும் கவிதையும் பக்கத்தில் இருக்கலாம், அவை ஒன்றையொன்று குழப்பாது.

ரஷ்ய நாவல் 100 முதல் 150 பக்கத்துக்குள் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் பெயர்கள்தான் காரணம். ஒரே ஆளுக்கு மூன்று அழைப்புகள் இருக்கும். இயற்பெயரோடு தந்தைப் பெயர் சேர்ந்து வருவது மரியாதை அழைப்பு. ஆணுக்கு ‘ஓவிச்’, ‘எவிச்’, பெண்ணுக்கு ‘ஓவ்னா’, ‘எவ்னா’ என்று முடியும். குடும்பப் பெயர் தனி. வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர் இன்னொன்று: திமீத்ரி என்றால் மீத்யா, அலெக்சேய் என்றால் அல்யோஷா. சாஷா ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம்.

கால் தாள் ஒன்றை மடித்து அதையே பக்க அடையாளமாக வையுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு வரி: மூன்று பெயர்கள், யாருக்கு என்ன உறவு, முதலில் வந்த பக்க எண். ‘நல்லவன்’, ‘கோபக்காரி’ என்றெல்லாம் குறிக்க வேண்டாம். 300 பக்கத்தில் அது மாறிவிடும், பிறகு உங்கள் குறிப்பே உங்களைத் திசைதிருப்பும். இந்தத் தாளோடு முதல் பக்கத்திலிருந்து திரும்பத் தொடங்குங்கள். 140 பக்கம் ஆறே இரவுதான்.

மூன்றாம்_அடுக்கு:
ஐம்பது பக்க விதி அமெரிக்க நூலகர் நான்சி பெர்ல் சொன்னது. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் 100-இலிருந்து வயதைக் கழித்துக்கொள்ளலாம் என்று பிறகு சேர்த்தார். உங்களுக்கு 48 பக்கம். சமகால நாவலுக்கு அது நன்றாகவே பொருந்தும். குறுந்தொகைக்கு அர்த்தமே இல்லாத அளவு அது.

குறுந்தொகையை வரிசையாக ஓட்டினால் பத்தாவது பாட்டில் அலுப்புத் தட்டும். ஒரு நாளைக்கு ஒரே பாட்டு. முதலில் திணை, கூற்று: தலைவி தோழியிடம் சொல்கிறாளா, தலைவன் தன் நெஞ்சிடம் சொல்கிறானா? அது தெரியாமல் பாட்டுக்குள் போனால் கோபம்கூடக் கொஞ்சலாகத் தெரியும். அடுத்து மூலத்தை வாய்விட்டு இரண்டு முறை. பிறகு சந்தி பிரித்த வடிவம். உரை கடைசியில்தான். உரையில் தொடங்கினால் மூலத்தைத் தொடவே மாட்டோம், அந்தப் புத்தகம் பாதியில் நிற்பதற்கு அதுவே முதல் காரணம் என்பேன். பெரும்பாலும் 4 முதல் 8 அடிக்குள் முடிகிற பாட்டுகள். காலையில் பத்து நிமிடம் போதும். 401 பாட்டு, ஓராண்டுக்குச் சற்று மேல். அவசரப்பட வேண்டிய நூலே இல்லை அது.

வரலாற்று நூலை இரவிலிருந்து எடுத்துவிடுங்கள். விடுமுறை நாள் பகலில் ஒரு அத்தியாயம், கையில் பென்சில், இரண்டு அடையாளத் தாள்: ஒன்று படிக்கும் பக்கத்தில், இன்னொன்று பின்னால் குறிப்புகள் தொடங்கும் இடத்தில். எண் வரும்போதெல்லாம் பின்னால் புரட்டினால் வாதம் அறுந்துபோகும். அத்தியாயம் முடிந்தபின் குறிப்புகளை ஒன்றாகப் பாருங்கள். வெறும் நூற்பெயரும் பக்க எண்ணும் உள்ளவற்றை விட்டுவிடலாம், விளக்கமாக எழுதியவை மட்டும் போதும்.

வெளிச்சம்:
ஒரே வரியை இரண்டு முறை படிக்கிறீர்களா? அப்படியானால் புத்தகத்தின் மேல் பழி போடுமுன் கண்ணையும் விளக்கையும் பாருங்கள். நாற்பதுக்கு மேல் கண் வில்லை இறுகி, கிட்டப் பார்வைக்கு வளைந்துகொடுக்காது. கண்ணாடிப் பவர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். அதே பக்கத்தைப் பகலில் ஜன்னலோரம் படித்துப் பாருங்கள். அங்கே சரளமாக ஓடினால் குறை இரவு விளக்கில். கூரை விளக்கு மட்டும் என்றால் தலையின் நிழல் பக்கத்தின் மேல் விழும். தோளுக்குப் பின்னிருந்து, பக்கத்தின் மேல் நேராக விழும் மேசை விளக்கு வேண்டும்.

மின்னூலுக்கு மாறுவதாக இருந்தால், எழுத்தைப் பெரிதாக்கும்போது வரி தானே மடங்கிக்கொள்ளும் ஈபப் (EPUB) வடிவமாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடங்காது, பக்கத்தை இடவலமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்திவாசிப்பு:
நன்றி. நாவல் இரவுக்கு, குறுந்தொகை காலைக்கு, வரலாறு விடுமுறைக்கு. சிறுகதையும் கவிதையும் இடையிடையே. தொடர்கதை மட்டும் பாக்கி. அதை எடுத்தால் நள்ளிரவு தாண்டிவிடுகிறது, அதனால்தான் தொடாமல் வைத்திருக்கிறேன்.

ஏடுபுரட்டி:
ரஷ்ய நாவல் முடிந்தபின் எடுங்கள். வாரத் தொடரில் அத்தியாயக் கடைசி வரியில் முடிச்சுப் போடுவார்கள், வாசகர் அடுத்த இதழுக்குக் காத்திருக்க வேண்டும் அல்லவா? அத்தியாய முடிவில் நிறுத்த முயன்றால் முடியாது. அடுத்த அத்தியாயத்தில் இரண்டு மூன்று பக்கம் போங்கள். முடிச்சு அங்கே அவிழும், அல்லது காட்சி வேறு ஊருக்கு மாறிவிடும். அந்த இடத்தில் தாளை வைத்து மூடுங்கள்.