மாமனாரின் பழைய புத்தகங்கள்: எடைக்குப் போடலாமா, வைத்துக்கொள்ளலாமா?

மடிப்பாக்கம் வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். மாமனார் போன வருடம் தவறிவிட்டார். தபால் ஆபீசில் வேலை பார்த்தவர். சம்பளத்தில் பாதி புத்தகத்துக்கே போனது என்று மாமியார் இன்றும் சொல்வார். இரண்டு இரும்பு பீரோ, கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டிகள், பரணில் ஒரு டிரங்குப் பெட்டி, எல்லாவற்றிலும் புத்தகம். அடுத்த மாதம் மேடவாக்கத்தில் சின்ன ஃப்ளாட்டுக்கு மாறுகிறோம். "எல்லாம் நெட்டில் கிடைக்குது, எடைக்குப் போட்டுடலாம்" என்கிறார் என் கணவர். பழைய பேப்பர்காரர் தராசோடு வந்தும்விட்டார். எனக்கு மனசு வரவில்லை, அப்புறம் வாங்க என்று அனுப்பிவிட்டேன்.

நானும் படிப்பவள்தான், ஆனால் பெரும்பாலும் கிண்டிலில். பழையதைச் சேர்க்கும் பழக்கம் இல்லை, அதனால்தான் கேட்கிறேன். வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு செய்த தொடர்கதைகள், ரூ. 1-4-0 என்று விலை போட்ட மெல்லிய புத்தகங்கள், அட்டையே இல்லாத சில, ஒன்றில் வெறுமனே 'விகிர்தி வருஷம்' என்று மட்டும். இவற்றில் சேகரிப்பவர்கள் என்ன பார்க்கிறீர்கள்? எதை வைத்துக்கொள்வது?

வேளச்சேரி பொறியாளர்:

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களை ஸ்கேன் செய்து ஏராளமாக ஏற்றியிருக்கிறார்கள், இலவசம். மதுரைத் திட்டம் 1998 முதல் நூல்களைத் தட்டச்சு செய்து தருகிறது. தலைப்பைப் போட்டுத் தேடுங்கள். அங்கே இல்லாததை மட்டும் வைத்துக்கொண்டால் பாரம் பெரிதும் குறையும். உள்ளே இருக்கும் எழுத்துதானே முக்கியம்?

பைகிராஃப்ட்ஸ் ரோடு:

சகோதரி, அந்தத் தராசு இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்.

நான் திருவல்லிக்கேணிக்காரன். மூர் மார்க்கெட் காலத்திலிருந்து பழைய புத்தகம் வாங்குகிறேன். 1985ல் அது எரிந்த பிறகு கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின, நானும் பின்னாலேயே போனேன். பாரதி சாலை நடைபாதையை இன்னும் பைகிராஃப்ட்ஸ் ரோடு என்றுதான் சொல்வேன். அங்கே ஞாயிற்றுக்கிழமைக் கடைகள் இன்றும் என்னை விடவில்லை.

முதலில் பைண்டு செய்த தொடர்கதைகளைத் தனியாக எடுத்து வையுங்கள். எழுத்துதானே முக்கியம் என்று நண்பர் கேட்கிறார். கதை மட்டும் போதும் என்றால் சரி. 'பொன்னியின் செல்வன்' எத்தனையோ பதிப்புகளில் கிடைக்கிறது. ஆனால் 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வாராவாரம் வந்தபோது அது ஓவியர் மணியத்தின் படங்களோடு வந்தது. பின்னால் வந்த மலிவுப் பதிப்புகள் பலவற்றில் படமே இல்லை. கிழித்துத் தைத்த பிரதியில் படமும் இருக்கும், பக்கத்தின் மறுபுறத்தில் கூந்தல் தைல விளம்பரமும், ஒரு துணுக்கும், பாதியில் அறுந்த வேறொரு கதையும் இருக்கும். அன்றைக்கு அந்த வீட்டில் என்ன விற்கப் பார்த்தார்கள், எதைப் படித்துச் சிரித்தார்கள் என்பதெல்லாம் அதில் அப்படியே கிடக்கிறது.

என்னிடம் ஒரு வால்யூம் உண்டு, நடைபாதையில் வாங்கியது. நடுவில் ஒரு அத்தியாயம் அச்சில் இல்லை. கோடு போட்ட நோட்டுத் தாளில், நீல மையில், முழு அத்தியாயத்தையும் யாரோ கையால் எழுதிச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். மேலே 'எதிர் வீட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதியது' என்று ஒரு வரி. படம் வர வேண்டிய இடத்தில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் 'குதிரைமேல் ஒருவன், பின்னால் கோட்டை' என்று குறித்திருக்கிறது. எழுதியது யார் என்று தெரியாது. ஒரு வார இதழ் தவறிப்போனது அவரை எவ்வளவு வருத்தியிருக்கிறது என்று மட்டும் தெரிகிறது. பழைய புத்தகத்தின் மீது எனக்குள்ள ஆசையே இதனால்தான். அச்சகத்திலிருந்து வரும்போது எல்லாப் பிரதியும் ஒன்றுதான். ஐம்பது வருடம் வீடுகளில் புழங்கிய பிறகு எதுவும் இன்னொன்றைப் போல இருப்பதில்லை.

விலையைப் பாருங்கள். ரூ. 1-4-0 என்றால் ஒரு ரூபாய் நாலு அணா. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது, ஆகவே உங்களுடையது பெரும்பாலும் அதற்கு முந்தியது. முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972க்குப் பிறகு. லை, னை எல்லாம் தும்பிக்கை போட்ட பழைய எழுத்தில் இருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன். விகிர்தி அறுபது வருடத்துக்கு ஒரு முறை வரும்: 1890-91 அல்லது 1950-51. எது என்று சொல்ல முதல் பக்கத்தில் அச்சகத்தின் முகவரி வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெட்டில் தேட முதலில் பெயர் தெரிய வேண்டும். நடைபாதையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால், பெயரே கேள்விப்படாத ஒரு சமையல் புத்தகமோ, நாடகப் பாட்டுப் புத்தகமோ தானாகக் கைக்கு வரும். எனக்குப் பிடித்ததில் பெரும்பகுதி நான் தேடாமல் கிடைத்ததுதான்.

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் ஒருவர் இருந்தார். புத்தகம் மட்டுமல்ல, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் தூக்கி எறிந்ததையும் சேர்த்தார். அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. 1994ல் அதை வைத்துத்தான் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தொடங்கியது, இப்போது தரமணியில் இருக்கிறது. ஆகவே உங்கள் மாமனார் பக்கங்களுக்கு நடுவே வைத்த பஸ் டிக்கெட், ரசீது, கடிதம் எதையும் உதறிவிடாதீர்கள்.

வேளச்சேரி பொறியாளர்:

அந்தக் கையெழுத்து அத்தியாயத்தை ஸ்கேன் செய்து போடுங்கள் ஐயா. நான் பார்க்க வேண்டும்.

பைண்டர் மகள்:

அப்பா சூளையில் பைண்டிங் பட்டறை வைத்திருந்தார், நானும் கூடவே உட்கார்ந்து தைத்திருக்கிறேன். பாதுகாப்பு பற்றி மட்டும் சொல்கிறேன் அக்கா. கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் டேப் உதிர்ந்துவிடும், பசை பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு யாராலும் எடுக்க முடியாது. பக்கம் தனியாக வந்தால் அப்படியே ஒரு உறையில் போட்டு வையுங்கள். தாள் தொட்டதும் பொடிகிறது என்றால் உங்கள் கைமேல் குற்றம் இல்லை. மரக்கூழ்த் தாளில் இருக்கும் அமிலம் தானாகவே அதை அரிக்கிறது. வெயிலில் காய வைக்கவே கூடாது, நிழலில் காற்றாட விரித்தால் போதும்.

சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். இரும்பு பீரோவை இறுக்க அடைத்து வருடக்கணக்கில் திறக்காமல் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், இராமபாணப் பூச்சியும் வரும். வெளிச்சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். அடித்தட்டில் எதுவும் வைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எத்தனை வீடுகளில் முதலில் நனைந்தது அடித்தட்டு என்று நமக்கெல்லாம் தெரியும்.

மடிப்பாக்கம் வாசகி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மாமியாரோடு உட்கார்ந்து டிரங்குப் பெட்டியைப் பிரித்தோம். பைண்டு வால்யூம்களின் முதுகில் மாமனாரின் பெயர் இல்லை, மாமியாரின் பெயர்தான் இருக்கிறது! கல்யாணத்துக்கு முன்னால் பிறந்த வீட்டில் அவரே சேர்த்தவையாம். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்கிறார். அவை எங்களோடு வருகின்றன, என் கணவரும் சரி என்றுவிட்டார். மற்றதை நூலகத்துக்குக் கேட்டுப் பார்க்கலாமா? விகிர்தி புத்தகத்தில் அச்சக முகவரி 'தியாகராயநகர்' என்று போட்டிருக்கிறது.

பைகிராஃப்ட்ஸ் ரோடு:

அப்படியானால் 1950-51. தியாகராயநகரே 1920களில்தான் உருவானது, 1890ல் அது ஏரிக்கரை.

நூலகங்களுக்குக் கண்டிப்பாகக் கேளுங்கள், ஆனால் மூட்டையாகக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு என்று ஒரு பட்டியல் போட்டு முதலில் அனுப்புங்கள், அவர்களிடம் இல்லாததை அவர்களே சொல்வார்கள். ஆண்டு இல்லாதவற்றுக்கு விலையும் முகவரியும் எழுதுங்கள். அட்டை இல்லாதவற்றின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படமெடுத்து இங்கே போடுங்கள், என்ன புத்தகம் என்று சேர்ந்து கண்டுபிடிக்கலாம். அந்த வால்யூம்களில் எதை எந்த வருடம் சேர்த்தார் என்று மாமியாரிடம் கேட்டு, முதல் தாளில் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம்.