த்ராட்டில் கொடுத்தா மட்டும் வலப்பக்கம் இழுக்கும் பகி: டிரிம் வச்சும் தீரலை

மண்ணோட்டம் எழுதியது:

வணக்கம். என்னோடது 1/10 அளவு ரிமோட் கார், டூ வீல் டிரைவ் (பின்சக்கரம் ரெண்டு மட்டும் தள்ளுற) பகி. மிட் மோட்டார், 13.5 டர்ன் பிரஷ்லெஸ் மோட்டார், 2எஸ் லிப்போ பேட்டரி. கிட்டா வாங்கி நானே கோர்த்த வண்டி. எட்டு மாசமா ஒரு குறையும் சொல்ல முடியாத மாதிரி ஓடிச்சு.

போன ரேஸ்ல டபுள் ஜம்ப் சரியா தாண்டலை. எதிர் மேட்டோட முகப்புல வலது பின்சக்கரம் நேரா போய் மோதிச்சு. எடுத்துப் பார்த்தா எதுவும் உடையலை, சக்கரத்தைத் தாங்குற ஆர்ம்ல கீறல்கூட இல்லை. ஆனா அந்த லேப்புல இருந்துதான் இந்தத் தொல்லை. நேர் பாதையில டிரிகரை (ரிமோட்ல த்ராட்டில் கொடுக்கிற விசை) விட்டா நூல் பிடிச்ச மாதிரி போகுது. அழுத்தினா மூக்கு வலப்பக்கம் திரும்புது. ரிமோட்ல ஸ்டீயரிங்கோட நடு நிலையை நகர்த்துற டிரிம்மை இடப்பக்கம் நாலு கிளிக் வச்சேன். அழுத்தும்போது நேரா போகுது, விட்டா இப்ப இடப்பக்கம் ஓடுது! வலது வளைவை விட்டு வெளியே வரும்போது பின்பக்கம் சுத்திடுது, இடது வளைவுல திரும்பவே மாட்டேங்குது.

பின் டயர் ரெண்டையும் இடம் மாத்திப் போட்டுப் பார்த்தேன், மாற்றமில்லை. தரையில இருந்து வண்டியோட பின்பக்க உயரம் ரெண்டு பக்கமும் 22 மி.மீ. கேம்பர் (சக்கரத்தோட சாய்வு) மைனஸ் 1 டிகிரி. டிஃப்பை (ரெண்டு பின்சக்கரத்துக்கும் விசையைப் பிரிச்சுக் கொடுக்கிற டிஃபரன்ஷியல்) பிரிக்கலாமா, இல்லை முன்சக்கரத்தைத் திருப்புற சர்வோ போயிடுச்சா? அடுத்த ரேஸுக்கு ரெண்டு வாரம் இருக்கு. யாராவது வழி சொல்லுங்க.

செம்புழுதி எழுதியது:

மோதும்போது சர்வோவுக்கு அடி படாம காக்குற சர்வோ சேவர் தளர்ந்திருக்கும்னு நினைக்கிறேன். எனக்கு ஒரு தடவை அப்படித்தான் ஆச்சு. சர்வோ தலையில மாட்டியிருக்கிற ஹார்னைக் கழட்டி, சர்வோவை நடுவுல நிறுத்தி மறுபடி மாட்டுங்க. ரெண்டு பக்கமும் எண்ட் பாயிண்ட்டையும் (சர்வோ எவ்வளவு தூரம் திரும்பலாம்ங்கிற எல்லை) சரிபாருங்க. முழுசா திருப்பும்போது சர்வோ முனகினா அளவு அதிகம்னு அர்த்தம்.

பல்சக்கரம் எழுதியது:

செம்புழுதி சொன்ன வேலை எல்லா வண்டிக்கும் செய்ய வேண்டியதுதான். ஆனா இங்க நோய் அது இல்லைன்னு நினைக்கிறேன். சர்வோ சேவர் தளர்ந்தா டிரிகரை விட்டாலும் வண்டி அலையும். இந்த வண்டி விட்டா நேரா போகுது. அதனால முன்பக்கத்தைத் தொடாதீங்க தம்பி. அந்த நாலு கிளிக்கையும் முதல்ல பூஜ்யத்துக்குக் கொண்டுவாங்க. டிரிம் இருக்கிற வரைக்கும் நீங்க பார்க்கிற எதுவும் உண்மையா இருக்காது.

அழுத்தினா வலப்பக்கம் திரும்புதுன்னா, வலது பின்சக்கரத்துக்கு மண்ணுல பிடி கிடைக்கலை, இடது சக்கரம் மட்டும் தள்ளுதுன்னு அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் துடுப்பு போட்டா படகு மறுபக்கம் திரும்பும் இல்லையா, அதேதான்.

பேட்டரி, பாடி எல்லாம் மாட்டி வண்டியைச் சமமான மேசையில வைங்க. சேஸியோட பின் நுனியில, சரியா நடுவுல, ஒரு ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து மெதுவா தூக்குங்க. ரெண்டு பின்சக்கரமும் ஒரே நேரத்துல தரையை விடணும். வலது முதல்ல கிளம்பினா, அந்தப் பக்கம் பாரம் குறைவா இறங்குது.

அப்புறம் பின் ஷாக் அப்சார்பர் ரெண்டையும் கீழ்முனையில கழட்டி விடுங்க. சக்கரத்தோட ஆர்மைத் தூக்கி விட்டா, அது தன் எடையிலேயே தொப்புன்னு விழணும். பாதி வழியில நின்னாலோ, யோசிச்சு யோசிச்சு இறங்கினாலோ குற்றவாளி அங்கதான். பெரும்பாலும் உள் ஹிஞ்ச் பின், அதாவது ஆர்மைச் சேஸியோட சேர்க்கிற கம்பி, வளைஞ்சிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. உருவி எடுத்து ஒரு கண்ணாடித் துண்டு மேல உருட்டுங்க. அடியில வெளிச்சம் வந்து வந்து மறைஞ்சா வளைவு உறுதி. நிமிர்த்திப் போட ஆசைப்படாதீங்க, புதுசு போடுங்க.

22 மி.மீ. எப்படி அளந்தீங்க? கையால அமுக்கி விட்டு அளந்தா சிக்கின ஆர்மும் நல்ல ஆர்ம் மாதிரியே காட்டும். ஒரு சாண் உயரத்துல இருந்து தட்டையா விழ விட்டு, நின்ன இடத்துல அளங்க.

கழட்டின ஷாக் ரெண்டையும் முனைக்கு முனை வச்சு ஒண்ணை ஒண்ணு தள்ளுங்க. சமமா உள்ளே போகணும். ஒண்ணு மட்டும் சட்டுன்னு இறங்கினா அதுல ஆயில் குறைஞ்சிருக்கு. அப்படியானா ரெண்டுலயும் புது ஆயில் ஊத்தி, பிஸ்டனை மெதுவா மேலயும் கீழயும் ஆட்டி, குமிழி அடங்குற வரைக்கும் பத்து நிமிஷமாவது நிறுத்தி வச்சுட்டு மூடுங்க. அவசரப்பட்டா காத்து உள்ளேயே தங்கிடும்.

டிஃப்பை இப்ப பிரிக்க வேண்டாம்.

மண்ணோட்டம் எழுதியது:

அண்ணே, நேத்து ராத்திரி உட்கார்ந்து எல்லாத்தையும் பார்த்தேன். ஸ்குரூ டிரைவர் கொடுத்துத் தூக்கினா வலது சக்கரம்தான் முதல்ல எழும்புது. ஷாக்கைக் கழட்டினதும் இடது ஆர்ம் தொப்புன்னு விழுந்துச்சு. வலது ஆர்ம் முக்கால்வாசியில அப்படியே நின்னுடுச்சு! கேமராவோட கண்ணாடி ஃபில்டர் மேல பின்னை உருட்டினேன், நீங்க சொன்ன அதே வெளிச்சம். புது பின் போட்டதும் ஆர்ம் சுலபமா விழுது. ஷாக் ரெண்டும் சமம்தான்.

இன்னைக்குக் காலையில ஓட்டினேன். டிரிம் பூஜ்யம். முன்ன இருந்த இழுப்புல முக்கால் பங்கு போயிடுச்சு. மேடு பள்ளம் இருக்கிற நேர் பாதையில முழு த்ராட்டில் கொடுத்தா மட்டும் இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் போகுது. மேசையில எல்லாம் சரியா இருக்கே, இது எங்க இருந்து வருது?

பல்சக்கரம் எழுதியது:

மேசையில வண்டி ஓடலையே தம்பி, அதுதான் காரணம். பாரம் ஏத்திப் பார்க்கணும்.

பேட்டரியைக் கழட்டி ஓரமா வைங்க. பின் ஷாக்கையும் மறுபடி கீழ்முனையில கழட்டி விடுங்க. ஒருத்தரை இடது டயரையும் ஸ்பர் கியரையும் (மோட்டார் சுத்துற பெரிய பல் சக்கரம்) அசையாம பிடிச்சுக்கச் சொல்லுங்க. நீங்க வலது டயரைப் பின்னோக்கி நல்லா முறுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஆர்மை மேலயும் கீழயும் ஆட்டுங்க. த்ராட்டில் கொடுக்கும்போது டிஃப்ல இருந்து சக்கரத்துக்குப் போற டிரைவ் ஷாஃப்ட் படுற பாடு இதுதான். கர்... கர்னு தட்டுதுன்னா டிஃப் அவுட்டிரைவை, அதாவது ஷாஃப்ட் முனை சொருகுற பிளவுள்ள கிண்ணத்தை, பாருங்க. ஷாஃப்ட் முனை உரசி உரசி அந்தப் பிளவோட சுவர்ல ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருக்கும். சும்மா இருக்கும்போது ஷாஃப்ட் தாராளமா உள்ளே வெளியே நகரும். மோட்டார் முறுக்கினதும் முனை அந்தப் பள்ளத்துல போய் உட்கார்ந்து ஆர்மைப் பிடிச்சு நிறுத்திடும். எட்டு மாசம் புழுதியில ஓடின வண்டிக்கு இது சகஜம். மோதினதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கணும்னு இல்லை. ரெண்டு குறை ஒரே பக்கத்துல சேர்ந்ததுதான் உங்களை இத்தனை அலைய வச்சிருக்கு.

மண்ணோட்டம் எழுதியது:

பள்ளம் இருக்கு அண்ணே. நகத்தை வச்சு இழுத்தா நகம் அதுல மாட்டிக்குது. இடது பக்கம் லேசான தடம் மட்டும். தங்கச்சி ஸ்பரைப் பிடிச்சுக்க, நான் டயரை முறுக்கி ஆட்டினேன். அந்தத் தட்டல் அவ விரல்லயும் தெரிஞ்சதாம்.

புது அவுட்டிரைவ் வர நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் சும்மா இருக்க முடியலை. டிஃப்பைப் பிரிச்சு இடது வலது அவுட்டிரைவை மாத்திப் போட்டேன். மாத்தினா தள்ளுற சுவர் எதிர்ச்சுவரா ஆயிடுது, அது ரெண்டுலயும் வழுவழுப்பா இருக்கு. பிரிச்ச கையோட டிஃப்ல 7000 கெட்டித்தன்மை ஆயிலும் புதுசா ஊத்திட்டேன். சாயங்காலம் ஓட்டினேன். அதே மேடு பள்ளம், முழு த்ராட்டில், டிரிம் பூஜ்யம். நேரா போச்சு அண்ணே! பத்து தடவை போய் வந்தேன், பத்து தடவையும் நேரா.

செம்புழுதி எழுதியது:

என் வண்டியிலயும் இப்பதான் முறுக்கிப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் தட்டுது. நன்றி பல்சக்கரம். ஷாஃப்ட் முனையில பிளாஸ்டிக் பிளேடு (முனைக்கு மேல போடுற உறை) மாட்டினா அவுட்டிரைவ் கூடுதல் நாள் வருமா?

பல்சக்கரம் எழுதியது:

வரும். தேயுறது பிளேடா இருக்கும், அவுட்டிரைவ் தப்பிக்கும். மூணு நாலு ரேஸுக்கு ஒரு தடவை கழட்டிப் பாருங்க, பிளேடு மெலிஞ்சிருந்தா உடனே மாத்திடுங்க. அது உடைஞ்சு விழுந்தா இரும்பும் இரும்பும் நேரா உரசும். மண்ணோட்டம், புது அவுட்டிரைவ் வந்ததும் ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க.